பாயின்செட் கவுண்டியின் மானியக் கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய சர்க்கார் தன் விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் அளித்துவரும் பண உதவியைப் பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது செய்திகள் வெளிவருகின்றன. இத்தனை நூறு கோடி டாலர் என்ற மொத்தத் தொகையைப் படித்து வியப்பவர்கள் பலர். அந்தத் தொகை எந்தச் சட்டத்தின் பேரில் பிறக்கிறது, எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது, கடைசியில் யாருடைய கையில் போய்ச் சேருகிறது என்று விசாரிப்பவர்கள் சிலரே. ஒரு தேசத்தின் மொத்தக் கணக்கில் நியாயமும் அநியாயமும் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடுவது இயல்பு. ஆனால் ஒரு சிறு பிரதேசத்தை எடுத்துக்கொண்டு, அங்கே இந்த உதவி முதன்முதலாக வந்த நாள் தொட்டு இன்றுவரை அது செய்த நன்மையையும் விளைத்த தீமையையும் தொடர்ந்து பார்த்து வந்தால், மொத்தக் கணக்கு சொல்லாத உண்மைகள் பல புலப்படும். அவ்வாறு பார்ப்பதற்கு மிகவும் தகுந்த இடம் என்று நான் கருதுவது, ஆர்க்கன்ஸா மாகாணத்தின் வடகிழக்கில் உள்ள பாயின்செட் கவுண்டி.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் தாலுகாவுக்கும் ஜில்லாவுக்கும் இடைப்பட்ட ஒரு நிர்வாகப் பிரிவு. 1838-இல் ஏற்பட்ட பாயின்செட் கவுண்டியின் விஸ்தீரணம் சுமார் 760 சதுர மைல்; 2020-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே வசிப்பவர்கள் சுமார் 23,000 பேர். கவுண்டியின் நடுவே தெற்கு வடக்காகக் கிரௌலி மேடு என்ற நீண்ட குன்றுத்தொடர் ஓடுகிறது. தலைநகரான ஹாரிஸ்பர்க் அந்த மேட்டின்மேல் அமைந்திருக்கிறது. மேட்டுக்குக் கிழக்கே ஸெயிண்ட் பிரான்ஸிஸ் ஆறு பாயும் தாழ்ந்த வண்டல் பூமி. 1811, 1812 ஆண்டுகளில் நேர்ந்த பெரும் பூகம்பங்களில் பல இடங்கள் அமிழ்ந்து சதுப்பாகிப்போன அந்த நிலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரங்களை வெட்டி, வாய்க்கால்கள் தோண்டி, நீரை வடித்து, பருத்தி விளைத்தார்கள். மேட்டுக்கு மேற்கே இருப்பவை நெல் வயல்கள். அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறையப் பாதி ஆர்க்கன்ஸா மாகாணத்தில் விளைவது. அந்த மாகாணத்திலும் முன்னணியில் நிற்கும் நெல் கவுண்டிகளுள் பாயின்செட் ஒன்று.

இந்தக் கவுண்டியின் கிழக்குப் பகுதியில் டைரன்ஸா என்ற சிற்றூர் இருக்கிறது. சர்க்கார் மானியத்தின் சரித்திரத்தை அந்த ஊரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

1929-இல் ஒரு பவுண்டு பருத்திக்குப் பதினாறு, பதினேழு சென்ட் கிடைத்தது. 1932-க்குள் அந்த விலை ஆறு சென்ட் அளவுக்கு வீழ்ந்துவிட்டது. விளைச்சல் பெருகியிருந்தது, வாங்குவார் இல்லை, கடன் கொடுத்த பாங்கிகளே கதவடைத்துக்கொண்டிருந்தன. 1933 மார்ச்சில் பதவியேற்ற ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அதே ஆண்டு மே 12-ஆம் தேதி விவசாயச் சீரமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அயோவா மாகாணத்தில் விவசாயப் பத்திரிகை நடத்திய குடும்பத்திலிருந்து வந்த ஹென்றி வாலஸ் அப்பொழுது விவசாய மந்திரி. விளைச்சலைக் குறைத்தால் விலை உயரும். குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கிற விவசாயிக்கு அதற்கு ஈடாகச் சர்க்கார் பணம் கொடுக்கும். 1909 முதல் 1914 வரையில் விளைபொருளுக்கும் விவசாயி வாங்கும் மற்றப் பொருள்களுக்கும் இடையே இருந்த விலைச் சமநிலையை மீட்பதே லக்ஷ்யம் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். கோதுமை, பருத்தி, மக்காச்சோளம், நெல், புகையிலை, பன்றி, பால் ஆகிய ஏழும் அதன் வரம்புக்குள் வந்தன.

சட்டம் வந்தபொழுது பருத்தி ஏற்கனவே விதைத்து முளைத்திருந்தது. ஆகவே அந்தக் கோடையில், பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளை ஒரு கோடி ஏக்கருக்கு மேல் மடக்கி உழுதார்கள். செடியை மிதிக்காமல் வரிசைக்கு இடையே நடக்கவே பழகியிருந்த கோவேறு கழுதைகள் செடியின்மேல் ஏர் இழுக்க மறுத்து நின்றன என்று அக்காலத்தில் எங்கும் பேசிக்கொண்டார்கள். ஜனங்கள் உடையின்றித் தவித்த காலத்தில் பருத்தியை அழிப்பதைக் கண்டு மனம் வெதும்பியவர்கள் உண்டு. ஆனாலும் விலை உயர்ந்தது, பணமும் வந்தது. முதல் தடவையாக மத்திய சர்க்காரின் செக்கு தென்மாகாணங்களின் பருத்திக்காட்டை எட்டிற்று.

எட்டிய அந்தச் செக்கு யாருக்கு எழுதப்பட்டது என்பதில்தான் பெருந்துன்பம் தொடங்கியது. கிழக்குப் பாயின்செட்டில் நிலம் பெரும்பாலும் பெரிய பண்ணைச் சொந்தக்காரர்களுக்கு உரியது. உழுது, களையெடுத்து, பருத்தி பறித்தவர்கள் பாதிவாரக் குடியானவர்கள். அவர்களில் வெள்ளையரும் இருந்தார்கள், கறுப்பரும் இருந்தார்கள். நிலமும் கழுதையும் விதையும் குடியிருக்க ஒரு பலகை வீடும் பண்ணையார் கொடுப்பார். உழைப்பு முழுவதும் குடியானவர் குடும்பத்தினுடையது. விளைந்ததில் பாதி அவர்களுக்கு. அந்தப் பாதியிலும் பண்ணைக் கடையில் வாங்கிய மாவுக்கும் உப்பிட்ட இறைச்சிக்கும் வட்டியோடு கழிவு போக மிஞ்சுவது சொற்பம். சர்க்கார் செய்துகொண்ட ஒப்பந்தமோ பண்ணையாரோடு. 1934, 1935 ஆண்டுகளின் பருத்தி ஒப்பந்தப்படி, பவுண்டுக்கு நாலரை சென்ட்டாகக் கணக்கிட்ட தொகையில் பண்ணையாருக்கு நாலு சென்ட்டும், பாதிவாரக் குடியானவருக்கு அரை சென்ட்டும் சேர்ந்தன. அந்த அரை சென்ட்டும் பண்ணையாரின் கையைக் கடந்தே வரவேண்டியிருந்ததால், பழைய கடனுக்கென்று அங்கேயே நின்றுபோனதும் உண்டு.

இதைக் காட்டிலும் கொடிய விளைவு ஒன்று இருந்தது. பயிரிடும் பரப்பைக் குறைத்த பிறகு அத்தனை குடும்பங்கள் தேவைப்படவில்லை. குடியானவரை வெளியேற்றிவிட்டுக் கூலியாளை வைத்துக்கொண்டால் அரை சென்ட்டுப் பங்கையும் கொடுக்க வேண்டியதில்லை. இதை முன்கூட்டி உணர்ந்துதான், கூடியவரையில் குடியானவர்களின் வழக்கமான எண்ணிக்கையைப் பண்ணையார் குறைக்கலாகாது என்று ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில் எழுதினார்கள். ‘கூடியவரையில்’ என்ற அந்த ஒரு சொல் இருந்தபடியால் பிரிவு முழுவதும் பலமற்றுப் போயிற்று. டைரன்ஸாவுக்கு அருகே ஹைரம் நார்க்ராஸ் என்பவரின் பண்ணையிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதுபோல் மற்றப் பண்ணைகளிலும் நடந்தது. சாலையோரத்தில் தட்டுமுட்டுச் சாமான்களோடு அமர்ந்திருந்த அந்தக் குடும்பங்களைப் பொறுத்தவரையில், நிவாரணம் என்று வாஷிங்டனிலிருந்து புறப்பட்டது வீட்டை இழக்கும் ஆபத்தாக வந்து சேர்ந்தது.

1934 ஜூலையில் நார்க்ராஸ் பண்ணையைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் எழுவரும் கூடினார்கள். இரு இனத்தாரும் ஒரே பெஞ்சில் அமர்வதே குற்றமாகக் கருதப்பட்ட பிரதேசத்தில், தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்ற கேள்வி எழுந்தபொழுது, ஒரே சங்கம் என்றே அவர்கள் தீர்மானித்தார்கள். அவ்வாறு பிறந்ததுதான் தென்மாகாணக் குத்தகை விவசாயிகள் சங்கம். துணி வெளுக்கும் கடை வைத்திருந்த எச். எல். மிட்சல், அடுத்த கட்டடத்தில் பெட்ரோல் கடை நடத்திய கிளே ஈஸ்ட் இருவரும் அதற்கு ஆதார புருஷர்கள். சங்கத்தார் நீதிமன்றத்துக்குப் போனார்கள், பயனில்லை. கூட்டங்கள் கலைக்கப்பட்டன, பேசியவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். இருந்தும் சில ஆண்டுகளுக்குள் பல மாகாணங்களில் பல்லாயிரம் அங்கத்தினர்கள் அதில் சேர்ந்தார்கள்.

வாஷிங்டனிலும் அதன் எதிரொலி கேட்டது. 1935 ஜனவரியில் விவசாய இலாகா, மேரி கானர் மையர்ஸ் என்ற வழக்கறிஞரை விசாரணைக்காக ஆர்க்கன்ஸாவுக்கு அனுப்பிற்று. அவர் நேரில் கண்டும் கேட்டும் எழுதிய அறிக்கை கடைசிவரை பிரசுரமாகவே இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், ஏழாவது பிரிவின்படி பழைய குடியானவர்களையே வைத்துக்கொள்ளப் பண்ணையார்கள் கடமைப்பட்டவர்கள் என்று வியாக்கியானம் செய்த ஜெரோம் பிராங்க் முதலிய சட்ட அதிகாரிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அமெரிக்கச் சட்டசபையான காங்கிரஸில் செல்வாக்கு மிகுந்த தென்மாகாணத் தலைவர்களைப் பகைத்துக்கொண்டு திட்டத்தை நடத்த முடியாது என்பது மேலதிகாரிகளின் கணக்கு. அந்தக் கணக்கில் வாரக் குடியானவருக்கு இடமில்லை.

இதை ஏதோ ஒரு பழங்கதையாகக் கருதி நான் விரித்துச் சொல்லவில்லை. உழவுத் தொழிலில் நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது, நஷ்டத்தை ஏற்பவர் வேறொருவர் என்ற நிலை இருக்கும் இடங்களில், சர்க்கார் கொடுக்கும் உதவி இம்மூவரில் யாருக்கு என்பதை முதலிலேயே திட்டமாக நிர்ணயிக்காவிட்டால், அது நிலத்தையும் பத்திரத்தையும் பின்பற்றிப் போய்விடும். பாயின்செட்டின் தொண்ணூறு ஆண்டுச் சரித்திரம் இந்த ஒரு பாடத்தையே வெவ்வேறு வடிவத்தில் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

1933-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1936 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் செல்லாதென்று தீர்த்தது. ஆயினும் மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரிலும், 1938-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தின் மூலமும் மானியம் தொடர்ந்தது. பண்ணையார்கள் மானியப் பணத்தைக் கொண்டு டிராக்டர் வாங்கினார்கள். பிறகு பருத்தி பறிக்கும் யந்திரமும் வந்தது. வாரக் குடியானவர் என்ற வகுப்பே காலக்கிரமத்தில் மறைந்துபோயிற்று. 1935-இல் அமெரிக்கா முழுவதிலும் 68 லக்ஷம் பண்ணைகள் இருந்தன. 2022-ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பில் 19 லக்ஷமே எஞ்சியிருந்தன. இந்த மாறுதலுக்கு மானியம் மட்டுமே காரணம் என்பது சரியாகாது. யந்திரமும், நகரங்களின் தொழிற்சாலைகளும் உடன் நின்று வேலை செய்தன. ஆனால் பெரியவர் மேலும் பெரியவராவதற்கு வேண்டிய முதலைத் தந்ததில் மானியத்துக்கும் பங்கு உண்டு.

இன்று அந்த மானியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். விவசாய இலாகாவின் கீழ்ப் பண்ணைச் சேவை முகமை என்ற ஸ்தாபனம் இருக்கிறது. கிராமப்புறங்களில் அதன் கவுண்டி அலுவலகங்களே விவசாயிக்கும் சர்க்காருக்கும் நடுவே நிற்பவை. ஒவ்வொரு பண்ணைக்கும் அங்கே ஓர் எண் உண்டு. அந்தப் பண்ணையில் முற்காலத்தில் எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் விளைந்தது என்ற சரித்திரத்தைக் கொண்டு நிர்ணயித்த ‘அடிப்படை ஏக்கர்’ கணக்கும் உண்டு. மானியம் இந்த அடிப்படை ஏக்கருக்கே கொடுக்கப்படுகிறது. இந்த ஆண்டு வயலில் நிற்கிற பயிருக்கு அல்ல. நெல்லுக்கு அடிப்படை ஏக்கர் பெற்ற நிலத்தில் இப்பொழுது ஸோயா மொச்சை விளைந்தாலும், நெல்லுக்குரிய மானியம் வரும்.

2014-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் முக்கியமாக இரண்டு வழிகள் இருந்துவருகின்றன. ஒன்று, விலை வீழ்ச்சிக்கு ஈடு. ஒவ்வொரு பயிருக்கும் சட்டம் ஓர் ஆதார விலையை விதிக்கிறது. அந்த ஆண்டு முழுவதற்குமான தேசியச் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால், வித்தியாசத்தைச் சர்க்கார் கொடுக்கும். நூறு பவுண்டு நெல்லுக்கு முன்பு 14 டாலராக இருந்த ஆதார விலை, 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தால் 16 டாலர் 90 சென்ட்டாக உயர்ந்தது. மற்றொன்று, வருமான வீழ்ச்சிக்கு ஈடு. இதில் கவுண்டி முழுவதன் சராசரி விளைச்சலையும் தேசிய விலையையும் பெருக்கி, முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். இதிலும் தனிப்பட்ட விவசாயியின் விளைச்சலைப் பார்ப்பதில்லை. தன் வயல் வெள்ளத்தில் மூழ்கினாலும் கவுண்டி செழித்திருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. தன் வயல் செழித்தும் கவுண்டி கெட்டிருந்தால் பணம் உண்டு.

கற்பனையாக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லுக்கு 2,000 அடிப்படை ஏக்கர் உள்ள ஒரு பண்ணைக்கு, ஏக்கருக்கு 5,000 பவுண்டு என்று விளைச்சல் பதிவாகியிருக்கிறது. சந்தை விலை நூறு பவுண்டுக்கு 13 டாலர் 90 சென்ட்டாக இறங்கினால், ஆதார விலைக்குக் குறைவது 3 டாலர். ஏக்கருக்கு 150 டாலர். அதில் 85 சதவீதம் மட்டுமே வழங்கவேண்டும் என்பது விதியாதலால் 127 டாலர் 50 சென்ட். 2,000 ஏக்கருக்கு 2,55,000 டாலர். சந்தை ஆண்டு முடிந்து சராசரி விலை தெரிந்த பிறகே கணக்குத் தீரும். ஆகவே அறுவடைக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அக்டோபரில்தான் பணம் வரும். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவருக்கு இந்தத் தாமதம் பெரிய சங்கடம்.

ஒருவர் ஓர் ஆண்டில் இவ்வளவுக்கு மேல் பெறக்கூடாது என்ற உச்சவரம்பு உண்டு. நெடுநாள் 1,25,000 டாலராக இருந்த அது, 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1,55,000 ஆயிற்று. நம் உதாரணத்தில் ஒருவரே விவசாயியாக இருந்தால் 1,00,000 டாலரை இழப்பார். கணவனும் மனைவியும் இருவராகப் பதிவு செய்துகொண்டால் முழுத் தொகையும் கிடைக்கும். நால்வர் சேர்ந்த கூட்டுப் பண்ணைக்கு வரம்பு நான்கு மடங்கு. விவசாயத்தில் தீவிரமாக ஈடுபட்டவரே பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வயலில் இறங்கி உழைப்பதோடு, நிர்வாகம் செய்வதையும் ஈடுபாடாகச் சட்டம் ஒப்புக்கொள்வதால், தூரத்து நகரத்தில் இருந்துகொண்டு டெலிபோனில் ஆலோசனை சொல்லுகிற உறவினரும் பங்குதாரராகலாம் என்று மத்தியத் தணிக்கை அலுவலகம் முதல் பலரும் நெடுங்காலமாகக் குறை சொல்லிவந்திருக்கிறார்கள். இதற்குரிய பத்திரங்களைத் தயாரிப்பதற்கென்றே தேர்ந்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை அமர்த்தக்கூடியவர் பெரிய விவசாயியே.

மானியத்தை நிலத்தின் பழைய சரித்திரத்தோடு பிணைத்துவிட்டதன் விபரீதத்தை 2006-இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை விளக்கமாக வெளிப்படுத்திற்று. டெக்ஸாஸ் மாகாணத்தில், ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தை வீட்டுமனையாக வாங்கிக் குடியேறியவர்களும், நெல்லே பயிரிடாமல், நெல்லுக்கான சர்க்கார் பணத்தைப் பெற்று வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் அதுவரையில் 130 கோடி டாலர், விவசாயமே செய்யாதவர்களுக்குப் போயிருந்தது என்று அந்தப் பத்திரிகை கணக்கிட்டது. அத்தகைய நேரடித் தொகையைக் காங்கிரஸ் 2014-இல் நிறுத்திவிட்டது உண்மை. அடிப்படை ஏக்கர் என்ற ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது.

குத்தகைதாரரின் நிலை இன்று 1934-ஐப்போல் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ரொக்கக் குத்தகையானால் மானியம் முழுவதும் பயிரிடும் குத்தகைதாரருக்கே. வாரக் குத்தகையானால் இருவரும் தத்தம் பங்குக்கேற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் எழுத்து நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மானியம் வரும் நிலத்துக்குக் குத்தகை உயர்கிறது. குத்தகை உயர்ந்தால் நிலத்தின் கிரயமும் உயர்கிறது. பாரெட் கிர்வான் என்ற பொருளாதார நிபுணர் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒரு டாலர் மானியத்தில் சுமார் 25 சென்ட் குத்தகை உயர்வாக நிலச்சொந்தக்காரருக்குப் போய்விடுகிறது. சொந்த நிலமின்றித் தொழில் தொடங்கும் வாலிபருக்கு, உதவிக்கென்று வந்த பணமே நிலத்தை எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது.

கவுண்டி அலுவலகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. உள்ளூர் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் கமிட்டி ஒன்று அதை மேற்பார்வை செய்கிறது. தூரத்து அதிகாரியைக் காட்டிலும் அயலாருக்கே நிலமும் விளைச்சலும் தெரியும் என்ற உயர்ந்த எண்ணத்தில் ரூஸ்வெல்ட் காலத்தில் ஏற்பட்ட அமைப்பு இது. ஆனால் அயலாரின் அறிவோடு அயலாரின் துவேஷமும் சேர்ந்து வந்தது. தென்மாகாணங்களில் கமிட்டிகள் நெடுங்காலம் வெள்ளைப் பண்ணையார்களின் கையிலேயே இருந்தன. கறுப்பு விவசாயியின் கடன் மனு தாமதிக்கப்பட்டது, அல்லது மறுக்கப்பட்டது. விதைக்கும் பருவம் தப்பிய பிறகு வரும் கடனால் யாருக்குப் பிரயோஜனம்? 1920-இல் அமெரிக்காவில் ஒன்பது லக்ஷத்துக்கு மேல் இருந்த கறுப்பு விவசாயிகள், இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பல்லாயிரங்களாகச் சுருங்கிவிட்டார்கள். வட கரோலினாவைச் சேர்ந்த டிமதி பிக்போர்ட் முதலியோர் 1997-இல் தொடுத்த வழக்கு 1999-இல் சமரசமாகி, அதன் மூலம் 100 கோடி டாலருக்குமேல் நஷ்ட ஈடு வழங்கப்பட்டது. 2024-இல், விவசாயக் கடன் திட்டங்களில் பாரபட்சத்துக்கு உள்ளான 43,000 பேருக்கு மேற்பட்டோருக்குச் சுமார் 200 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்தப் பணம் நியாயமானது. ஆனால் ஏலத்தில் போன நிலத்தை அது திருப்பித் தரவில்லை.

மானியத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களை ஒதுக்கிவிட முடியாது, அவை கனமானவை. அமெரிக்க நெல்லில் ஏறக்குறையப் பாதி வெளிநாடுகளுக்குப் போகிறது; ஆகவே பாயின்செட் விவசாயியின் விலை அவர் வயலிலோ, ஆர்க்கன்ஸாவிலோ நிர்ணயமாவதில்லை. உரமும் எரிபொருளும் யந்திரமும் விலை ஏறும்பொழுது நெல் விலை இறங்கினால், திறமையும் உழைப்பும் மிக்கவர்கூட ஒரே பருவத்தில் முதலை இழந்துவிடலாம். ஆண்டுதோறும் கடன் வாங்கி விதைக்கும் தொழிலில், ஆதார விலை என்ற ஒரு தரை இருப்பதை நம்பியே உள்ளூர் பாங்கி கடன் கொடுக்கிறது. அறுவடை கெட்டால் விவசாயி மட்டும் கெடுவதில்லை. வைனர், மார்க்ட் டிரீ போன்ற சிற்றூர்களில் உரக் கடை, பழுது பார்க்கும் பட்டறை, பள்ளிக்கூடம் அனைத்தும் அதே விளைச்சலை நம்பி நிற்கின்றன.

சர்க்கார் செய்கையாலேயே நஷ்டம் நேரும் காலமும் உண்டு. 2018-இல் சீனாவோடு மூண்ட வர்த்தகப் போரில் ஸோயா மொச்சையின் சந்தை நொறுங்கியது. அதற்கு ஈடாக இரண்டு ஆண்டுகளில் சுமார் 2,300 கோடி டாலர் வழங்கினார்கள். 2019-இல் கவுண்டிக்குக் கவுண்டி ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை வெவ்வேறு விகிதம் விதித்ததால், ஒரு வேலிக்கு இப்புறமும் அப்புறமும் இருந்தவர்கள் ஒரே நஷ்டத்துக்கு வேறு வேறு தொகை பெற நேர்ந்தது. பெருந்தொற்று வந்த 2020-இல் எல்லா உதவிகளும் சேர்ந்து முன்னெப்பொழுதும் இல்லாத அளவாகச் சுமார் 4,600 கோடி டாலரை எட்டின. 2025 டிசம்பரில் மறுபடியும் 1,200 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. அபூர்வமாக வரவேண்டிய ஆபத்துக்கால உதவி ஆண்டுக்காண்டு எதிர்பார்க்கும் வருமானமாகிவிட்டால், நஷ்டத்தைக் கருதி எச்சரிக்கையோடு நடப்பவரைவிட, அதை எண்ணாமல் பரப்பைப் பெருக்கிக்கொண்டே போகிறவருக்கே அது அனுகூலமாக முடியும்.

இத்தனையும் நாம் அறிந்துகொள்ள முடிவதற்குக் காரணம் வெளிப்படையான கணக்கு. தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி பெற்ற பதிவேடுகளைக் கொண்டு, 1995 முதல் யார் எவ்வளவு பெற்றார் என்ற விவரத்தை என்விரான்மெண்டல் ஒர்க்கிங் குரூப் என்ற ஸ்தாபனம் கவுண்டி வாரியாகப் பிரசுரித்து வருகிறது. பயிர் மானியத்தில் நாலில் மூன்று பங்குக்குமேல், பெறுவோரில் பத்தில் ஒரு பங்கினருக்கே போகிறது என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரியவந்த செய்தி. ஆனால் பயிர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்குமேல் சர்க்கார் செலுத்தும் திட்டத்துக்கு உச்சவரம்பும் இல்லை. அந்தத் திட்டத்தால் பயனடைவோரின் பெயரை வெளியிடவும் சட்டம் இடங்கொடுப்பதில்லை. பொதுப்பணத்தின் ஒரு பகுதி வெளிச்சத்திலும் மற்றொரு பகுதி இருளிலும் இருப்பதற்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.

டைரன்ஸாவில் மிட்சலும் ஈஸ்ட்டும் கடை வைத்திருந்த கட்டடம் இன்று குத்தகை விவசாயிகளின் நினைவாகப் பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. அந்தச் சங்கத்தார் மானியம் வேண்டாமென்று ஒருபொழுதும் சொல்லவில்லை. உழைப்பவனுக்குரிய பங்கு நேரே உழைப்பவனிடம் வரவேண்டும், ஒப்பந்தத்தில் அவனும் கையொப்பமிட வேண்டும், அவனை வெளியேற்றுபவருக்குப் பணம் நிற்கவேண்டும் என்றே கேட்டார்கள். அவர்கள் கேட்டதன் சாரத்தை இன்றைய நிலைமைக்குப் பொருத்திப் பார்த்தால் செய்யவேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. மானியம் நிலத்தின் பழைய சரித்திரத்தை விட்டு, இந்த ஆண்டில் பயிரிட்டு நஷ்டத்தைத் தாங்குபவரைப் பின்பற்ற வேண்டும். உச்சவரம்பு பண்ணையை நோக்கி விதிக்கப்பட வேண்டுமேயன்றி, பங்குதாரர்களின் தலையை எண்ணிப் பெருகக்கூடாது. இன்ஷூரன்ஸ் உட்பட எல்லாக் கணக்கும் பகிரங்கமாக வேண்டும். கவுண்டிக் கமிட்டியின் தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர், விதைப்புப் பருவம் தவறுமுன் மேல்முறையீட்டில் முடிவு காண வழி வேண்டும்.

இவற்றில் எதுவும் உழவனுக்கு உதவும் செலவைக் குறைக்கச் சொல்வதன்று. மழையையும் சந்தையையும் ஒருங்கே எதிர்த்து நிற்கும் தொழிலுக்கு ஒரு சமூகம் கைகொடுப்பது தர்மம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கொடுக்க முடிவு செய்தபின், யார் பெறுகிறார் என்பதைச் சந்தைக்கும் பத்திரத்துக்கும் விட்டுவிடுவது அந்தத் தர்மத்தைப் பாதியில் நிறுத்துவதாகும். 1934-இல் ஏழாவது பிரிவில் ஒரு சொல்லைத் தளர்த்தி எழுதியதன் பலனைப் பாயின்செட்டின் ஏழைக் குடும்பங்கள் அனுபவித்தன. அடுத்த மானியச் சட்டத்தை எழுத உட்காரும் காங்கிரஸ் அங்கத்தினர்கள், எவ்வளவு கோடி என்று விவாதிப்பதற்கு முன்பு, வயலில் நஷ்டம் ஏற்பவர் யார் என்ற கேள்விக்கு நெகிழ்ச்சியில்லாத சொற்களில் விடை எழுதுவார்களானால், அந்தக் குடும்பங்கள் பட்ட துன்பத்திலிருந்து அவர்கள் பாடம் கற்றார்கள் என்று நாம் சொல்லலாம்.